டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்: மிளகுக்கு 10 நாளைக்கொரு பேதி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் டீ எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் பூனை மிளகு இதே லைனில் பிறந்த குட்டி. 3 வயது, பெட்டை, கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. 8 மாதமாக 10, 12 நாளைக்கு ஒருமுறை வயிறு கெட்டுப்போகிறது. இரண்டு நாள் தண்ணியாகப் போகும், சில சமயம் வாந்தியும் எடுக்கும். மூன்று முறை ஊசி போட்டோம். ஒவ்வொரு முறையும் இரண்டே நாளில் சரியாகி, பிறகு திரும்ப வந்துவிட்டது. பூச்சி மருந்து ஒருமுறை கொடுத்தோம். பாலை நிறுத்தி 3 மாதம் ஆகிறது. ட்ரை ஃபுட்டில் இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்தோம். மத்தி மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்தும் வைப்பேன். நடுவில் தங்கை கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போனபோது இதையும் கூடையில் தூக்கிப்போனோம். தொலைந்துவிடுமோ என்று மாடி அறையிலேயே வைத்திருந்தோம். அங்கேயும் இதே தீனிதான். 16 நாளில் ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. ஊர் திரும்பிய நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, தங்கை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். பூண்டைத் தட்டிக் கொடுத்தால் பூச்சி செத்துவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: பூண்டை முதலில் அஞ்சறைப் பெட்டிப் பக்கமே திருப்பி வையுங்கள். நம் மலைப் பூண்டு ரசத்துக்கு அமிர்தம்தான், பூனைக்கு விஷம். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையாகவோ வேகவைத்தோ பொடித்தோ, எப்படிக் கொடுத்தாலும் அதே கதிதான். பூச்சி பிழைத்துக்கொள்ளும், பூனைக்குச் சோகை பிடிக்கும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பழி என் மேல் போகட்டும்.

அடுத்தது குளிர். அந்த லைனிலேயே பிறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லாமல் வளர்ந்த பூனை இது. இரண்டு பனிக்காலத்தைப் பார்த்தாயிற்று. திடீரென்று 8 மாதத்துக்கு முன்னால்தான் குளிர் அதற்கு ஆகாமல் போயிற்றா? வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டார், தப்பான காரணத்தைச் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைத்த புதையல் அந்த மேட்டுப்பாளையம் கூடை. அங்கேயும் அதே ட்ரை ஃபுட், அதே மத்தி. ஆக, இவ்வளவு நாள் நீங்கள் சந்தேகப்பட்டு, காசு செலவழித்து மாற்றிப் பார்த்த இரண்டும் கிட்டத்தட்ட விடுதலை. அங்கே இல்லாமல் இங்கே இருப்பது திறந்த கதவு. மாடி அறையில் உங்கள் கை வைத்ததை மட்டும் தின்றது. இங்கே காலையில் வெளியே போனால் அது எங்கே போகிறது, யார் வீட்டு வாசலில் உட்காருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

சுலபமாகச் சொல்லிவிட்டேனே தவிர, என் சொந்தப் பூனை விஷயத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வேலையில் இருந்த காலம், குன்னூரில் குடியிருந்தோம். சுருளி என்று ஒரு கடுவன். மாதத்தில் மூன்று தடவையாவது வயிற்றைக் கலக்கிக்கொண்டு வருவான். ஒருமுறை மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்தேன். அந்தக் கசப்புக்கு வாயெல்லாம் நுரை தள்ளி, என் புடவை முந்தானையைக் கிழித்தான். ஆனால் பேதி நின்றது. ஒரு மாதம் வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த ஒரு மாதமும் பக்கத்து வீட்டுப் பாட்டி மகளின் பிரசவத்துக்காகக் காரமடை போயிருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாட்டி திரும்பிய வாரமே சுருளிக்கு மறுபடி வயிறு கலங்கியது.

அப்புறம் ஒரு லீவு நாளில் வேலி ஓரம் நின்று பார்த்தேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வர்க்கியைப் பால் டீயில் தோய்த்து, தனக்கு ஒரு வாய், சுருளிக்கு ஒரு வாய். "டாக்டரம்மா ஆபீஸ் போயிடறாங்க, பாவம், பட்டினியா கெடக்குது" என்று வழியில் போனவரிடம் என்னைப் பற்றிப் புகார் வேறு. பால், சர்க்கரை, மைதா, டால்டா, போதாததற்கு டீயும். என்னிடம் வந்து சேரும்போது சுருளிக்கு ஒன்றும் தெரியாத முகம்.

(பூனைக்கு இனிப்பு ருசி தெரியாது. அதை உணரும் மரபணு அந்த இனத்துக்கே பழுது. வர்க்கிக்கு அது வாலை ஆட்டியது கொழுப்புக்காகவும் பால் வாசனைக்காகவும்தான்.)

பாலைப் பற்றிக் கொஞ்சம். குட்டியாக இருக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி குடலில் தாராளமாக இருக்கும். தாய்ப்பால் மறந்தபின் அது குறைந்துகொண்டே போகும். பிறகு குடிக்கும் பால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே தண்ணீரை இழுக்கும், கிருமிகள் அதைப் புளிக்கவைக்கும், வயிறு பொருமும், பேதி ஆகும். எல்லாப் பூனைக்கும் ஒரே அளவில் இல்லை. ஒரு ஸ்பூன் பாலைத் தாங்குகிற வயிறு அரை டம்ளரைத் தாங்காது. பாலை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியது உங்கள் வீட்டில். லைனில் மொத்தம் எத்தனை வீடு? 8 மாதத்துக்கு முன்னால் புதிதாக யாராவது குடிவந்தார்களா? ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிற வீடுகளில் மிச்ச எலும்பும் எண்ணெயும் வெங்காய மசாலாவும் யார் தட்டுக்குப் போகிறது?

"ஊசி போட்ட இரண்டு நாளில் சரியானது" என்பதில் ஊசிக்கு நான் மார்க் போட மாட்டேன். ஆகாததைத் தின்று வரும் பேதி, அது வெளியேறியதும் இரண்டு நாளில் தானே அடங்கும். ஊசி போடாமல் இருந்தாலும் அதே இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். அனாவசியமாகத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகளும் சேர்ந்து அழியும்.

பக்கத்து வீட்டுக்காரர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தேயிலைக் காட்டுக்குள் போகிற பூனை எலி பிடிக்கும். எலியிலிருந்து ஒரு நாடாப்புழு வரும், தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கினால் இன்னொன்று வரும். ஆசனவாய்ப் பக்கம் ரோமத்தில் அரிசிமணி மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான். நீங்கள் கொடுத்த பூச்சி மருந்தின் அட்டையைத் தேடிப் பாருங்கள். பைரான்டெல் மட்டும் என்றால் உருண்டைப்புழு, கொக்கிப்புழுவோடு அதன் வேலை முடிந்தது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். வேட்டையாடும் பூனைக்கு ஒருமுறை கொடுத்து ஆயுசுக்கும் விட்டுவிட முடியாது, 3 மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். ஓடைத் தண்ணீரையும் சாக்கடையையும் நக்கினால் ஜியார்டியா என்ற ஒரு செல் உயிரி தொற்றலாம். அதற்கு இந்த இரண்டு மருந்தும் தனியாகப் போதாது. அது விட்டுவிட்டுத் தலைகாட்டும் ஆசாமி. 16 நாள் சும்மா இருந்ததை மட்டும் வைத்து அதை விடுவித்துவிட எனக்கு மனசில்லை. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று முறை மலம் எடுத்து, அன்றன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்து "ஒன்றுமில்லை" என்றால் நம்ப வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. மிளகை 3 வாரம் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். முதல் நாலைந்து நாள் கதவைப் பிறாண்டும், ராத்திரி கத்தித் தீர்க்கும், மாமியார் முணுமுணுப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் மணலோ மரத்தூளோ போட்டு மலம் கழிக்கப் பழக்குங்கள். அதில் உங்களுக்கு லாபம் உண்டு: இதுவரை புதருக்குள் போனதை இப்போது கண்ணால் பார்க்கலாம். நிறையத் தண்ணியாகப் போகிறதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் ரத்தக் கீற்றுமாக முக்கி முக்கிப் போகிறதா? முதலாவது சிறுகுடல் கோளாறு, இரண்டாவது பெருங்குடல். மருத்துவருக்கு இந்த ஒரு தகவல் பாதி வேலையைக் குறைக்கும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றன்று என்ன தின்றது, எப்படிப் போனது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். தீனி இப்போது கொடுப்பதேதான். இந்த 3 வாரத்தில் தீனியையும் மாற்றி, மருந்தையும் மாற்றினால் எதனால் குணமானது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் சுருளி விஷயத்தில் ஏமாந்தது அப்படித்தான்.

3 வாரமும் சுத்தமாக இருந்தால், வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக லைனில் வீடு வீடாகப் போய், "மிளகுக்கு எதுவும் வைக்காதீங்க, டாக்டர் வைத்தியம் நடக்குது" என்று சொல்லுங்கள். "உங்களால்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கதவு மூடியிருந்தும் பேதி வந்தால், சோதனை முடிவும் சரியாக இருந்தால், அப்போது தீனியைச் சந்தேகிக்கலாம். இதுவரை தின்றிராத ஒரே வகைக் கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, வேறெதுவும் கலக்காமல் 3, 4 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள், வெறும் கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் வேறு சத்துக் குறைபாடு வரும்.

இதற்கிடையில் ஒரு முழு நாள் எதுவும் தின்னவில்லை என்றாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, எடை குறைந்தாலோ சோதனையெல்லாம் அப்புறம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியும். வீட்டில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இருந்தால் நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் அறுந்துபோகும். காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தங்கை வீட்டுக்கு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலும் கதவு ஒருநாள் திறக்கத்தான் போகிறது.

கேள்வி: சாலையோரம் கிடந்த குட்டி, ஒரு மாதம் இருக்கும். பசும்பாலைத் தண்ணீர் கலந்து ஃபில்லரில் கொடுக்கிறேன். மஞ்சளாகக் கழிகிறது. (வாசகர், கொடைக்கானல்)

பதில்: பூனைப் பாலை விடப் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அதிலும் தண்ணீர் கலந்தால் வயிறு மட்டும் நிறையும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது, அதை வாங்குங்கள். கூடவே வேகவைத்த கோழியை மைய அரைத்து விரலில் தொட்டு நக்க விடுங்கள், பல் முளைத்துவிட்ட வயசுதான். பாலுக்கு முன்னால் சூடு முக்கியம். உங்கள் ஊர்க் குளிரில் உடம்பு சில்லிட்ட குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தாயிடமிருந்தே உருண்டைப்புழு வந்திருக்கும், எடை பார்த்துப் பூச்சி மருந்து கேளுங்கள். இந்த வயசில் பேதி ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பூனை புல்லைத் தின்றுவிட்டு வாரம் ஒருமுறை வாந்தி எடுக்கிறது. தோட்டத்தில் ரோஜா, கார்னேஷன், லில்லி இருக்கின்றன. பயப்பட வேண்டுமா? (வாசகி, உதகை)

பதில்: புல்லுக்குப் பயப்பட வேண்டாம், அது பூனைகளின் பழைய பழக்கம். வாந்தியில் ரோமச் சுருள் வந்தால் தினமும் சீப்பால் வாரிவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்பது அடிக்கடி ஆனாலோ, தீனி குறைந்தாலோ காட்டுங்கள். லில்லியை மட்டும் இன்றைக்கே பிடுங்கி யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பூனை வளர்க்காத வீடாகப் பார்த்து. இலை, இதழ், மேலில் ஒட்டி நக்கிய மகரந்தம், பூச்சாடித் தண்ணீர், எது வயிற்றுக்குள் போனாலும் இரண்டு மூன்று நாளில் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கடித்ததைப் பார்த்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் அந்த மணிநேரமே கொண்டுபோங்கள்.