கைவினைக் கேள்வி பதில்: அட்டையில் லண்டன்

கேள்வி: ஏழு வயது மகளுக்காக டவர் பிரிட்ஜ் செய்தோம். இரண்டு பற்பசைப் பெட்டிகள்தான் கோபுரம். பாலத்தைத் தூக்க நூல் கட்டி இழுத்தால், பாலம் எழாமல் கோபுரம் சாய்கிறது. நூலை எங்கே கட்ட வேண்டும்?

நூலே வேண்டாம். டவர் பிரிட்ஜைத் தூக்க மேலிருந்து எதுவும் இழுப்பதில்லை. 1894-ல் திறந்த நாளிலிருந்தே அது கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போலத்தான் வேலை செய்கிறது. பாலத்தின் நீளமான பக்கம் ஆற்றுக்கு மேலே நிற்கிறது. குட்டையான வால் கோபுரத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது, அந்த வாலில் கனத்த எடை. வால் கீழே போனால் பாலம் மேலே வருகிறது, அவ்வளவுதான். உங்கள் மாதிரியையும் அப்படியே செய்தால் சாயவும் சாயாது, குழந்தைக்குப் பாலத்தின் சூட்சுமமும் கையிலேயே புரிந்துவிடும்.

பற்பசைப் பெட்டி ஒல்லி, உள்ளே வால் ஆட இடமில்லை. ஒரு லிட்டர் பழச்சாறுப் பெட்டி இரண்டு எடுங்கள். 20 செ.மீ. உயரமும் 7 செ.மீ. அகலமும் இருந்தால் நல்லது. அசல் கோபுரம் 65 மீட்டர், இரண்டுக்கும் நடுவே 61 மீட்டர். ஆகவே 20 செ.மீ. கோபுரத்துக்கு 19 செ.மீ. இடைவெளி விடுங்கள். இந்த ஒரு அளவு சரியாக இருந்தால் பார்த்தவுடனே டவர் பிரிட்ஜ் என்று தெரியும். பலர் இடைவெளியை அகலமாக விட்டுவிடுவார்கள், அப்போது அது ஏதோ ஒரு பாலமாகிவிடும்.

பாலத்தின் ஒவ்வொரு பாதிக்கும் 13 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் பெட்டி அட்டை இரண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். ஒன்றில் நெளிவரி நீளவாக்கிலும் மற்றதில் குறுக்காகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். வால் முனையிலிருந்து 3.2 செ.மீ. தள்ளி, அடிப்பக்கத்தில் 5 செ.மீ. ஸ்ட்ரா துண்டைக் குறுக்காக ஒட்டுங்கள். இதுதான் அச்சுக்குழல்.

கோபுரத்தின் ஆற்றுப்பக்கச் சுவரிலிருந்து அரை செ.மீ. உள்ளே, தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், இரு பக்கச் சுவர்களிலும் துளையிடுங்கள். மூங்கில் குச்சி அதில் நுழைந்து ஸ்ட்ரா வழியாக மறுபக்கம் போக வேண்டும். பாலம் வெளியே நீளுவதற்கு ஆற்றுப்பக்கச் சுவரில் திறப்பு வேண்டும்: அகலம் 5.5 செ.மீ., கீழ்விளிம்பு குச்சிக்கு 3 மி.மீ. மேலே, அங்கிருந்து உயரம் 5 செ.மீ. கீழ்விளிம்புதான் பாலத்தைச் சமமட்டத்தில் தாங்கும், அதைத் தாழ்த்தி வெட்டினால் பாலம் ஆற்றுக்குள் தலைகுனியும். திறப்பின் உயரம் குறைந்தால் பாலம் பாதியிலேயே முட்டி நிற்கும். பின்சுவரில் குழந்தையின் விரல் நுழைய ஒரு கதவு வெட்டுங்கள். கட்டர் கத்தி வேலை முழுக்கப் பெரியவர்களுடையது.

இனி எடை. வாலில் ஒரு வாஷரை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். விரலால் மெல்லத் தொட்டதும் பாலம் எழுந்து, விட்டதும் தானாக இறங்கினால் எடை சரி. எழுந்தபடியே நின்றுவிட்டால் வால் கனம், வாஷரைக் கொஞ்சம் அச்சுப் பக்கமாக நகர்த்துங்கள். அமுக்கக் கஷ்டமாக இருந்தால் இன்னொரு வாஷர். பாலத்துக்கு வண்ணம் பூசிக் காயவைத்த பிறகுதான் எடை பாருங்கள், வண்ணத்துக்கும் எடை உண்டு. முடிவானதும் பசையால் நிலையாக ஒட்டலாம்.

கோபுரம் ஆடாமலிருக்க மணலை ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி அடியில் வையுங்கள். 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் வால் இடிக்கும். இரண்டு கோபுரங்களையும் ஒரே அடிப்பலகையில் ஒட்டி, உச்சியில் இரண்டு நடைபாதைகளைக் குறுக்கே கட்டுங்கள். அசல் பாலத்திலும் அந்த நடைபாதைகள் வெறும் அழகுக்காக இல்லை. கரைப்பக்கத் தொங்குபாலங்கள் கோபுரங்களை வெளிப்புறமாக இழுக்கும் விசையை அவைதான் தாங்குகின்றன.

வண்ணத்தில் ஒரு விஷயம்: கோபுரம் கல் நிறம், இரும்புப் பகுதிகள்தான் நீலமும் வெள்ளையும். முழுக்க நீலம் அடித்துவிடாதீர்கள். பழச்சாறுப் பெட்டியின் வழவழப்பில் போஸ்டர் கலர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். முதலில் இருபக்க டேப்பால் சாம்பல் நிறத் தாளைச் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: சிவப்புத் தொலைபேசிக் கூண்டு செய்ய ஆசை. அட்டைக்குச் சிவப்பு அடித்தால் கிண்ணம்போல் வளைந்துவிடுகிறது. ஜன்னல்களை வெட்டுவதும் குழந்தையால் முடியவில்லை.

வண்ணத்தின் ஈரத்தில் அட்டையின் நார் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் அந்தப் பக்கமாக வளையத்தானே செய்யும்? மறுபக்கமும் ஒரு கை அடித்துவிட்டால் இரு பக்க இழுப்பும் சமமாகும். ஆனால் இந்த வேலைக்கு வண்ணமே தேவையில்லை. சிவப்புச் சார்ட் அட்டையில் செய்யுங்கள், குழந்தையின் பொறுமையும் மிஞ்சும்.

நாம் படங்களில் அதிகம் பார்ப்பது ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935-ல் வடிவமைத்த கே6 கூண்டு. உயரம் ஏறக்குறைய 2.5 மீட்டர், அகலம் 0.9 மீட்டர். ஏ4 அளவுச் சார்ட் அட்டை இதற்கென்றே வெட்டியதுபோல் பொருந்தும். நீளவாக்கில் 7 செ.மீ. வீதம் நான்கு சுவர், ஒட்ட 1.5 செ.மீ. மடல், மொத்தம் 29.5. உயரம் 19.5. மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறிய பிறகு மடியுங்கள். கீறாமல் மடித்தால் விளிம்பு உடைந்து வெள்ளையாகத் தெரியும்.

ஜன்னலை வெட்டாதீர்கள், ஒட்டுங்கள். கே6-ல் ஒரு சுவருக்கு எட்டு வரிசை, வரிசைக்கு மூன்று கண்ணாடி, நடுக் கண்ணாடி மட்டும் அகலம். பின்சுவரில் கண்ணாடி கிடையாது. வெளிர்நீலத் தாளில் 3 செ.மீ. அகலத்தில் ஒன்றும் 1 செ.மீ. அகலத்தில் இரண்டுமாகப் பட்டைகள் வெட்டிச் சுவரில் நெடுக ஒட்டி, குறுக்கே மெல்லிய சிவப்புப் பட்டைகள் ஏழு ஒட்டினால் 24 கண்ணாடியும் வந்துவிடும். சுவர் தட்டையாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள், கூண்டாக மடித்த பிறகு அழுத்தி ஒட்டப் பிடிமானம் இருக்காது. பசைக்குச்சி போதும், வெள்ளைப் பசையின் ஈரத்தில் தாள் சுருக்கம் விழும்.

கேள்வி: லண்டன் ஐ சக்கரம் சுற்றிவிட்டால் எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஏன்?

அந்த இடத்தில் அடியில் இருக்கும் பக்கம் கனமாக இருக்கிறது. கூண்டுகளை எதிரெதிர் ஜோடியாக ஒட்டி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மீதியிருக்கும் குறையை எதிர்ப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டித் தீர்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் மையத்துளை விலகியிருக்கும். காம்பஸ் முள் குத்திய துளையை வளைத்துப் பெரிதாக்கும்போதுதான் இது நடக்கும். குச்சியின் கூர்முனையாலேயே நேராகக் குத்துங்கள்.

சக்கரத்தைக் குச்சியில் இறுக்கமாக ஒட்ட வேண்டும், குச்சி மட்டும் ஸ்ட்ராவுக்குள் சுழல வேண்டும். ஸ்ட்ரா தாங்கியில் இருக்கட்டும். அசல் சக்கரத்தை ஒரு பக்கத்துக் கால்கள்தான் தாங்குகின்றன, பின்னால் வடங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அட்டையில் அப்படிச் செய்தால் சக்கரம் முன்னால் தொங்கும். இரு பக்கமும் கால் கொடுங்கள்.

135 மீட்டர் உயரமுள்ள அசல் சக்கரத்தில் 32 கூண்டு உண்டு. 20 செ.மீ. அட்டைச் சக்கரத்துக்கு 16 தாராளம். வட்டமாக வெட்டிய தாளை நான்கு முறை பாதியாக மடித்து விரித்தால் 16 பங்கு கிடைக்கும், அதை அட்டைமேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டுகளை விளிம்புக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே தொங்கவிட்டால் அது திருவிழா ராட்டினம்.

கேள்வி: பிக் பென் கடிகாரத்தில் நிமிட முள் எப்போதும் ஆறில் வந்து விழுகிறது.

பித்தளைப் பின்னின் கால்களை விரிக்கும் முன், அட்டைக்குப் பின்னால் சிறு ரப்பர் துண்டு ஒன்றைக் கோர்த்துவிடுங்கள், பிடிப்பு வரும். அதோடு முள்ளைப் பின்னோடு முடித்துவிடாமல் மறுபக்கம் ஒரு வால் விடுங்கள். 10 செ.மீ. முகப்புக்கு முள் 4.5, வால் 1.5 செ.மீ. வாலை முள்ளைவிட நன்றாக அகலமாக வெட்டினால் எடை சமமாகும். டவர் பிரிட்ஜில் செய்ததே இங்கும். அப்படியே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்: பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணி, கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர்.

கேள்வி: மூன்று வயதுப் பையனுக்கு இதில் என்ன வேலை கொடுக்கலாம்?

தேம்ஸ் நதி. நீலம், பச்சை, சாம்பல் தாள்களை அவனே கிழிக்கட்டும், கத்தரிக்கோல் வேண்டாம். கிழிந்த வெள்ளை ஓரம் அலை நுரை மாதிரியே இருக்கும். அக்காவின் பாலத்தை ஒட்டுவதற்கு முன்பே அடிப்பலகை முழுக்க அவன் ஆற்றை ஒட்டி முடித்துவிட வேண்டும், வெள்ளைப் பசை ஓர் இரவு காயட்டும். ஈரத்தின்மேல் கோபுரத்தை வைத்தால் காலையில் அது நழுவி, 19 செ.மீ. இடைவெளி மாறியிருக்கும்.