வாயில்லாத புழு எப்படிச் சாப்பிடுகிறது?

ஒட்டுண்ணிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மரக்கிளையில் புல்லுருவி தழைத்திருக்கிறது. இலை பச்சையாகத்தானே இருக்கிறது, அது எப்படி ஒட்டுண்ணி ஆகும்?

பாதி ஒட்டுண்ணி. பச்சையம் இருப்பதால் தனக்கு வேண்டிய மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் தாது உப்பும்தான் மரத்திடமிருந்து போகின்றன. கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி மரத்தின் சைலக்குழாயிலிருந்து, அதாவது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் குழாயிலிருந்து, இழுத்துக்கொள்கிறது. பாதிதானே என்று விட்டுவிடாதீர்கள். வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்கும்போதும் புல்லுருவி தாராளமாக நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் கிளை நுனி காய்கிறது. செடியை மட்டும் ஒடித்தால் உள்ளே தங்கிய வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அது ஒட்டிய இடம் முடிச்சுப்போல் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்கும் கீழே கிளையோடு வெட்டுங்கள். புல்லுருவி பழுப்பதற்கு முன்பே வெட்டுவது நல்லது. பழத்தைத் தின்னும் பறவைகள் பசையுள்ள விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிட்டுப் போய்விடும்.

அம்மையார் கூந்தலுக்கு வேரே கிடையாதா?

முளைக்கும்போது உண்டு. கஸ்குட்டா என்று பாடநூல் சொல்லும் கொடி இதுதான். விதையிலிருந்து நூல்போல எழும் நாற்றின் நுனி காற்றில் வட்டமடித்துத் துழாவும். பக்கத்துச் செடியின் வாசனையை உணர்ந்து அந்தப் பக்கம் வளையும். சில நாட்களுக்குள் பற்றிக்கொள்ளத் தண்டு கிடைக்காவிட்டால் நாற்று செத்துவிடும். கிடைத்துவிட்டால் வேர் காய்ந்து, மண்ணோடு இருந்த உறவே அறுந்துபோகும். சுற்றிய கொடியை மெல்லப் பிரித்துக் கைலென்ஸில் பாருங்கள்: உள்பக்கம் வரிசையாகச் சிறு மேடுகள் தெரியும். உறிஞ்சுவேர்கள் அங்கிருந்துதான் இறங்குகின்றன. புல்லுருவியைப்போல் தண்ணீரோடு இது நிற்பதில்லை, சர்க்கரையையும் சேர்த்து எடுக்கிறது.

மரத்தில் வளரும் ஆர்க்கிட் ஒட்டுண்ணியா?

இல்லை. அது தொற்றுத்தாவரம். மரத்தில் இடம் மட்டும் பிடிக்கிறது. தொங்கும் வேர்கள் மழைநீரையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

நாடாப்புழுவுக்கு வாய் இல்லை என்கிறார்களே, பிறகு எப்படிச் சாப்பிடும்? அது வயிற்றில் இருந்தால் உடல் இளைக்குமா?

மாணவனாக இருந்தபோது பன்றி நாடாப்புழுவின் தலையை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்தேன். குண்டூசித் தலையளவுகூட இல்லாத அதில் நான்கு உறிஞ்சிகள், உச்சியில் இரண்டு வரிசைக் கொக்கிகள். வாயைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தத் தலை பிடித்துத் தொங்குவதற்கு மட்டும்தான்.

வாயும் குடலும் அதற்குத் தேவைப்படவில்லை. செரிக்கும் வேலையை நம் நொதிகளே முடித்துவிடுகின்றன. சிறுகுடலில் கரைந்து நிற்கும் குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் புழு தன் தோலாலேயே உறிஞ்சுகிறது. அந்தத் தோல் முழுக்க நுண்ணிய மயிர் நீட்சிகள். நம் குடலின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டதுபோல இருக்கும். மீட்டர் கணக்கில் நீளும் உடல் முழுவதும் இப்படித்தான் உண்கிறது.

இளைப்பதற்காகப் புழுவை விழுங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டவே வேண்டாம். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் வாய்வழி உள்ளே போனால் இளம்புழுக்கள் இரத்தத்தில் ஏறி மூளையில் தங்கும். தீராத வலிப்புக்கு அது காரணமாகலாம்.

குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனாலும் இரத்தசோகை. புழு காரணமாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் வேறு காரணங்களும் உண்டு, மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. ஒரு வகை, நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிலிட்டர் வரை. சொற்பம்தான், ஆனால் 100 புழுக்கள் இருந்தால் தினமும் 20 மில்லிலிட்டர். இரத்தம் உறையவிடாத பொருளைச் சுரப்பதால் புழு இடம் மாறிய பின்னும் பழைய காயம் கசியும். சாப்பாட்டில் வரும் இரும்புச்சத்து இதை ஈடுகட்டாது. புழு நீக்க மருந்தோடு இரும்புச்சத்து மாத்திரையும் தேவையா என்று கேளுங்கள். வெறுங்காலில் நடக்கும்போது மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறும் புழு இது. குழந்தைக்குச் செருப்பு போட்டு அனுப்புங்கள்.

மட்கிய மரக்கட்டையில் முளைக்கும் காளானும் ஒட்டுண்ணியா?

அது மட்குண்ணி. நொதியை வெளியே சுரந்து, கட்டையை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சும். ஆனால் உயிருள்ள மரத்தைக் கொன்றுவிட்டு, பிறகு அதே கட்டையைத் தின்னும் காளான்களும் உண்டு. நிற்கும் மரத்தின் அடியில் கொத்தாகக் காளான் கண்டால் வேரைப் பரிசோதியுங்கள்.