வெடிகுண்டுக் கடிகாரமும் கடைசிப் பாதையும்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் திருகோணமலையில் ஓர் ஆக்ஷன் த்ரில்லர் குறும்படம் எடுக்கிறோம். ஒரு தேநீர்க் கடையில் குண்டு. நாயகன் வில்லனைக் கோட்டைக்குள் துரத்திப் போய், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து கடலில் குதிக்கிறான். கடைசி வினாடியில் வயரை வெட்டுகிறான். சிவப்பு எண் ஓடும் கடிகாரத்தைக் கண்டாலே சனம் சிரிக்கும் என்கிறான் எடிட்டிங் செய்யும் நண்பன். இந்த வழக்கங்களை எல்லாம் தூக்கிவிடலாமா?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

நண்பர் சொல்வது பாதி சரி. குண்டு வைக்கிறவனுக்கு எதற்குச் சிவப்பு எண்? யாருக்கு மணி காட்டப் போகிறான்? எங்கள் வயதுக்காரர் இந்த ஊரில் கண்ட எதிலும் எண் ஓடவில்லை. அது கதிரையில் இருந்து படம் பார்ப்பவருக்காக ஓடுவது. 1962இல் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு விளக்கியதும் இதுதான்: மேசைக்கு அடியில் குண்டு திடீரென்று வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி, அது இருப்பதை முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. உங்கள் கடையில் ஒருவன் ஆறுதலாக வடைக்குச் சம்பல் கேட்கட்டும். "எழும்பிப் போடா" என்று நாங்கள் மனதுக்குள் கத்துவோம். ஆகவே குண்டை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

குண்டே இல்லாமலும் முடியும். 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில் சுவர்க் கடிகாரமும் வில்லன் வந்து இறங்கப்போகும் நண்பகல் ரயிலும் போதுமாக இருந்தன. எங்களிடம் பாதை இருந்தது. (வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்பது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். ஒரு மாலை துறையடிக்கு ஓடி வருகிறேன், கடைசிப் பாதை கரையை விட்டு நாலு முழம் போயிருந்தது. பாயலாம் போலவும் இருந்தது, பாய்ந்தால் விழுவேன் போலவும் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அதற்குள் ஆறு முழம். பாதையில் நின்ற கிழவர் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டு போனார். துப்பாக்கியும் இல்லை, இசையும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடிக்கிறது.

சண்டைக்கு அதிகம் யோசிக்காதீர்கள். அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வையுங்கள். குத்து அரை அடி தள்ளிப் போனாலும் பட்டதாகவே தெரியும். மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும்.

சுவாமி மலைக் குதிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பாறை 300 அடிக்கு மேல். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; அந்த வேகத்தில் கடலும் சிமெந்துத் தரைதான். அடுத்த ஷாட்டில் நாயகன் தலை சீவி வந்து நின்றால், நண்பர் சொன்ன சிரிப்பு அங்கேதான் வரும்.

அப்புறம், கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அனுமதி எடுக்காமல் ஓடாதீர்கள், உண்மையாகவே துரத்துவார்கள். நீங்கள் ஓடும்போது அங்குள்ள மான்கள் படுத்த இடத்தை விட்டு எழும்பாவிட்டால், அதையும் அப்படியே எடுத்து வையுங்கள்.