ரிமோட் கார் வாங்குமுன் உதிரிப்பாகத்தைக் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிமோட் காரையும் ரிமோட் விமானத்தையும் பற்றியவை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போய் மககஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவது பல வருடமாக எனக்கும் பழக்கம் என்பதால், இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. போன தீபாவளிக்கு டவுனில் ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தோம். நாலாம் நாளே நின்றுவிட்டது. இப்போது அவன் மாமா கொழும்பிலிருந்து காசு அனுப்பி, நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? எங்கள் லயத்தைச் சுற்றிச் சமதரையே கிடையாது. (டிக்கோயா வாசகி)

பதில்: அக்கா, பழைய காரை எறிந்துவிடவில்லையே? இருந்தால் அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றித் திறந்து பாருங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பலகை இருக்கும். ரிமோட்டின் சிக்னலை வாங்குவது, மோட்டருக்குக் கரண்ட் கொடுப்பது, முன்சில்லைத் திருப்புவது எல்லாம் அந்த ஒரே பலகையின் வேலை. அதில் ஒரு மூலை கருகினாலும் கார் முழுவதும் போச்சு. அந்தப் பலகையைத் தனியாக விற்பவரும் இல்லை. விளையாட்டுச் சாமான் கடையில் தொங்கும் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

இன்னொரு ரகத்தை ஹொபி கிரேட் என்பார்கள். அதில் சிக்னலை வாங்கும் ரிசீவர் தனி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. தனி, சில்லைத் திருப்பும் சேர்வோ மோட்டர் தனி. எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை பல மடங்கு கூடத்தான். ஆனாலும் மாமாவின் காசை இதில்தான் போடவேண்டும் என்பேன்.

கடையில் இரண்டு ரகத்தையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ரிமோட்டின் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். சில்லும் கொஞ்சமாகத் திரும்பினால் உள்ளே சேர்வோ இருக்கிறது. ‘டக்’ என்று ஒரேயடியாகக் கடைசிவரை திரும்பினால் அது விளையாட்டுச் சாமான். அப்புறம் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: “இதற்குப் பினியன் (மோட்டரில் இருக்கும் சின்னப் பற்சக்கரம்), சேர்வோ, முன்பக்க ஆர்ம் (முன்சில்லைத் தாங்கும் கை) தனியாகக் கிடைக்குமா?” எடுத்துக் காட்டினால், அல்லது எத்தனை நாளில் எடுத்துத் தருவேன் என்று சொன்னால், பேச்சைத் தொடருங்கள். “உடைந்தால் புதிதாக ஒன்று வாங்குங்கள்” என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் வண்டி மூன்றாம் மாதம் ‘கர்ர்ர்’ என்று கத்திக்கொண்டு நின்றது. மோட்டர் சுற்றுகிறது, சில்லு நகரவில்லை. திறந்தேன். பெரிய பற்சக்கரத்தில் நாலே நாலு பல் மழுங்கியிருந்தது. கிரீஸில் உப்புத்தூள் போல வெள்ளைப் பிளாஸ்டிக் துகள் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. விற்ற கடையில் அந்தச் சக்கரம் இல்லை, வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. பெருவிரல் நக அளவு பிளாஸ்டிக் இல்லாமல் அந்த வண்டி ஆறு வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஜப்பானின் டமியா நிறுவனத்தை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மதிப்பதும் இதனால்தான். 1984இல் வந்த ஹார்னட் காரை அவர்கள் பல வருடம் கழித்துத் திரும்ப வெளியிட்டபோது, பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கும் பாகங்கள் கிடைத்தன.

சமதரை இல்லை என்கிறீர்கள். அதற்காகக் கவலைப்படவே வேண்டாம். வேகக் கார் வாங்காமல் குரோலர் என்ற ஊர்ந்து ஏறும் ஜீப்பை வாங்குங்கள். நாலு சில்லும் இழுக்கும். மனிதர் நடக்கும் வேகம்தான். ஆனால் கல், வேர், கான் ஓரம், படிக்கட்டு எல்லாவற்றிலும் ஏறும். தோட்டத்து ரோட்டில் வேகக் காரை விட்டால் அரை நிமிடத்தில் கானுக்குள் கிடக்கும். குரோலருக்கோ அந்தக் கான்தான் மைதானம். மலையகத்துக்கென்றே யாரோ யோசித்துச் செய்த வண்டி போல எனக்குத் தோன்றும். பெட்டரியும் நின்று பிடிக்கும். 1500 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பெட்டரியில் சராசரியாக 5 அம்பியர் இழுக்கும் வேகக் கார் 18 நிமிடம்தான் ஓடும். ஒன்றரை அம்பியர் இழுக்கும் குரோலர் ஒரு மணித்தியாலம் ஓடும். பையனுக்கு டபிள்யூ.பி.எல். சி24 போன்ற 1:16 அளவு (நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு) வண்டி போதும். அதன் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக்தான். ஆனால் அதற்கு உலோகச் சக்கரம் தனியாக விற்கிறார்கள், நான் பார்ப்பது அதைத்தான்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் வோட்டர் புரூஃப் என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் மின்பாகங்களுக்கு மட்டும். பெயாரிங்குகள் துருப்பிடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை விடாது. அதனால் ஓட்டி முடித்ததும் துணியால் துடைத்து, சில்லு அச்சுகளில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடப் பையனுக்குப் பழக்குங்கள். ரப்பர் டயரில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

கேள்வி: பண்டாரவளையில் ஒரு கடையில் மகளுக்கு ரிமோட் ஜீப் வாங்கினேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் திரும்பவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், பில்லில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதமோ, சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய உத்தரவாதமோ, பொருள் அதற்கு ஏற்றதாக இல்லையென்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்தபின் பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. பில்லில் அச்சடித்த ஒரு வரியால் நீங்கள் முறையிடும் உரிமை போய்விடாது.

கால எல்லையை மட்டும் தவறவிடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்கவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். என்ன வாங்கினீர்கள், எந்தத் தேதி, என்ன விலை, என்ன பழுது, கடைக்காரர் என்ன பதில் சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரு பக்கத்துக்குள் வந்தால் போதும். பில்லின் பிரதியை இணையுங்கள், மூலத்தைக் கையை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பதுளைக் கச்சேரியில் சபையின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம்.

ஆனால் அதற்கு முன் இன்னொரு முறை கடைக்குப் போங்கள். சண்டையாக வேண்டாம். ஜீப் ஒரு பக்கம் திரும்பாததைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டி, “மாற்றித் தருகிறீர்களா, இல்லை நான் எழுதிக் கொடுக்கட்டுமா?” என்று அமைதியாகக் கேளுங்கள். பல நேரம் காரியம் அங்கேயே முடிந்துவிடும். ஜீப் தண்ணீருக்குள் போயிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அது தயாரிப்புப் பழுது ஆகாது.

பில்லே தராத கடைகளைப் பற்றியும் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். கேளுங்கள், அதில் மாடலின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘டோய் 1’ என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: நுவரெலியாவில் வசிக்கிறேன், வயது இருபத்திரண்டு. ரிமோட் விமானம் ஓட்டவேண்டும் என்பது சின்ன வயதுக் கனவு. போர் விமான வடிவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: தம்பி, கனவை விட வேண்டாம். அந்தப் போர் விமானத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 17 வீதம் குறைவு. அதே விமானம், அதே எடை, ஆனால் இறக்கைக்குத் தாங்கக் கிடைக்கும் காற்று குறைவு. கீழே விழாமல் பறக்க அதற்குச் சுமார் 10 வீதம் கூடுதல் வேகம் வேண்டும், இறங்கும்போதும் அவ்வளவு வேகமாகவே வரும். புரொப்பெல்லரின் இழுவையும் குறையும். கொழும்பு காலிமுகத்திடலில் எடுத்த வீடியோவைப் பார்த்து நுவரெலியாவில் அதே மாதிரி எதிர்பார்த்தால் முதல் நாளே நொறுங்கும். போர் விமானத்துக்கு இறக்கை சின்னது, வேகம் அதிகம். பழகாத கைக்குத் தாங்காது.

வாங்குவதென்றால் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், புரொப்பெல்லர் பின்பக்கமாக இருக்கும் மோட்டர் கிளைடர் வகையைப் பாருங்கள். மூக்குக் குத்தி விழுந்தாலும் புரொப்பெல்லர் தப்பும். உடம்பு ஈ.பி.பி. நுரையா என்று கேளுங்கள். அது ரப்பர் மாதிரி வளையும். டீவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரிஜிபோம் போன்றது என்றால், கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு தேயிலைக் கட்டை பட்டாலே இரண்டாகும். ரிஜிபோமைச் சாதாரண சுப்பர் குளூவால் ஒட்டவும் முடியாது. ஒட்டும் இடத்தையே அது கரைத்துவிடும். நுரைக்கென்று வரும் பசையோ குளூ கன்னோ வேண்டும்.

காற்றைப் படிக்கவேண்டும். மலையில் காற்று மோதும் பக்கத்தில் அது மேலே ஏறும். கிளைடர் அதில் மோட்டரை நிறுத்திவிட்டும் மிதக்கும், அப்புத்தளை விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஏறுகாற்று முகத்திலேயே தெரிந்திருக்கும். மலையின் மறுபக்கத்தில் அதே காற்று சுழன்று கீழே அமுக்கும். அங்கே பழகப் போகாதீர்கள். அதிகாலையில் காற்று அமைதியாக இருக்கும், மூடுபனி விலகும்வரை மட்டும் பொறுங்கள். பனிக்குள் போன விமானம் வருகிறதா போகிறதா என்றே தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் வேலை அனுமதி. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் ட்ரோன் அனுமதிகளையே நாட்டில் நிறுத்திவைத்தார்கள் என்பது நினைவிருக்கும். வானத்தில் பறக்கும் ரிமோட் சாதனம் எதுவானாலும், வாங்குவதற்கு முன்பே சிவில் விமானச் சேவைகள் அதிகார சபைக்கு எழுதி, அந்த எடைக்கும் அந்த இடத்துக்கும் என்ன விதி என்று பதில் வாங்குங்கள். “அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் தம்பி” என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள், பொலிஸ் வரும்போது அவர் பக்கத்தில் நிற்கமாட்டார். பதில் வரும்வரை கொம்பியூட்டரில் சிமியுலேட்டர் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அந்தக் குழப்பத்தை விமானத்தை உடைக்காமலே தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் கார் மலிவாக இருக்கிறது. ஆனால் “பெட்டரி இல்லாமல்” என்று போட்டிருக்கிறார்கள். ஏமாற்றா? (தலவாக்கலை)

பதில்: ஏமாற்று இல்லை. லித்தியம் பெட்டரி தீப்பிடிக்கக் கூடியது. தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து உலகம் முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். அதனால் பலர் பெட்டரி அனுப்புவதில்லை. விலையை ஒப்பிடும்போது பெட்டரி, சார்ஜர், தபால் செலவு, இங்கே சுங்கத்தில் கட்டும் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வற் மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ரேடியோ சாதனம் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் சுங்கத்தில் கேட்கலாம். கூட்டிப் பார்த்தபின் கொழும்புக் கடை விலையோடு பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கொழும்பிலேயே வாங்குங்கள். பழுதென்றால் போய் நிற்க ஓர் இடமாவது இருக்கும்.

பெட்டரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கும் பலர் லயத்தில் இருப்பவர்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரையின் கீழ் வரிசை முழுவதும் ஓடுவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! லைப்போ என்ற லித்தியம் பெட்டரியை மெத்தையிலோ பலகையிலோ வைத்து சார்ஜ் பண்ணாதீர்கள். சீமெந்துத் தரையில், ஒரு மண்சட்டிக்குள், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. 1500 எம்.ஏ.எச். என்றால் ஒன்றரை அம்பியருக்கு மேல் ஏற்றவேண்டாம். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்தும், ஒவ்வொரு செல்லையும் சமன்செய்யும் பெலன்ஸ் சார்ஜரையே வாங்குங்கள். காரின் விலையில் குறைத்தாலும் சார்ஜரில் குறைக்காதீர்கள். பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் செல் 3.8 வோல்ட் அளவில் இருக்கட்டும். தலையணை மாதிரி உப்பிய பெட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது, திரும்பச் சார்ஜ் போடவும் கூடாது. மணல் நிரப்பிய சட்டியில் வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேர்ப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு கார் வாங்கினோம். ஒரு ரிமோட்டை அமுக்கினால் இரண்டு காரும் ஓடுகின்றன! (இராகலை)

பதில்: இரண்டும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையாக, ஒரே அலைவரிசையில் இருக்கும். பழுது இல்லை. கடையில் ஒன்றைக் கொடுத்து வேறு அலைவரிசைக் காராக மாற்றிக் கேளுங்கள், பெட்டியில் 40 அல்லது 49 என்று போட்டிருக்கும். அடுத்த முறை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பார்த்து வாங்கினால் ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டும் பேசும். மாற்றித் தரும்வரை ஒருவர் ஓட்டும்போது மற்றவருடைய காரின் சுவிட்சை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.