உறுமும் சப்வூஃபர்: போர்டை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: 12 வருடமான 10 அங்குல சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி). பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. கடையில் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

பதில்: இன்னும் காசு கொடுத்துவிடாதீர்கள். பின்பக்க ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருந்தால் 'ஆன்' பக்கம் தள்ளிவிட்டு, பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் கேபிள் டிவி ஒயர் வழியாக வரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் வளையமாகச் சேர்ந்திருக்கும். ஆர்.சி.ஏ. கேபிளை மீண்டும் செருகிவிட்டு, செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் அந்த டிவி ஒயரைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

ஆர்.சி.ஏ. கேபிள் இல்லாமலும் இரைந்தால் முதல் சந்தேகம், டி.சி. மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கெப்பாசிட்டர்கள் மேல்தான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டிகளில் இவை இரண்டு பெரிய உருளைகளாக நிற்கும். தலை உப்பியிருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். உப்பாமலே உள்ளே காய்ந்தும் போயிருக்கலாம், அதனால் கழற்றி மீட்டரில் அளக்க வேண்டும். அச்சிட்ட அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் (கொள்ளளவு) அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம். உயரமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். திருப்பி வைத்தால் வெடிக்கும்.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். (எடை குறைந்த பவர் சப்ளை) உள்ள பெட்டியில் அது 325 வோல்ட் டி.சி. வரை போகும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து இரண்டு கால்களிலும் ஒரு நிமிடம் வையுங்கள். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே கை வைக்க வேண்டும். மீட்டர் பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து, கெப்பாசிட்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலிவு என்று நான் வாங்கிய 10000 மைக்ரோஃபாரட் ஜோடி, மீட்டரில் 6000-ஐத் தாண்டவில்லை. சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர்க் கடையானாலும் அளந்து காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் உறுமல் போய்விடுகிறதே? (வாசகர், ஈரோடு)

பதில்: இன்றைக்கே பிளக்கை மாற்றுங்கள். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் மெட்டல் பிளேட்டில் பட்டால், ஷாக் அடிக்காமல் காப்பது அந்தப் பின்தான்.

கேள்வி: பழைய சப்வூஃபர் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வாங்கினேன். 'ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கு' என்றார் விற்றவர். மூன்று ஃபியூஸ் போட்டும் நிற்கவில்லை. செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன். (வாசகர், கோவை)

பதில்: ஓடவிட்டுக் கேட்காமல் எதை நம்பிப் பணம் கொடுத்தீர்கள்? முதல் ஃபியூஸ் எரிந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். கம்பியை எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கலாம். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி போட்டு ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஒருமுறை மின்னி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இருக்கிறது. சரிசெய்த பிறகும் ஸ்பீக்கரை உடனே இணைக்காமல், அதன் ஒயர்கள் வரும் இடத்தில் டி.சி. அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும். புது ஃபியூஸ் அதே ஆம்பியரில், 'டி' எழுத்து (மெதுவாக எரியும் ரகம்) போட்டிருந்தால் அதே ரகத்தில்.

கேள்வி: ஸ்பீக்கரின் கோனை (முன்பக்கக் கூம்பு) சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கட்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். பாட்டுப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரையும் காட்ட வேண்டும். இரு கையாலும் கோனைச் சமமாக அழுத்தும்போது உரசல் இல்லையென்றால் ஸ்பாஞ்ச் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கோனின் விட்டம், ஃபிரேமின் உள்விட்டம் இரண்டையும் அளந்து வாங்குங்கள். முதலில் கோன் பக்கம் ஒட்டி, காய்ந்த பிறகு ஃபிரேம் பக்கம். பசை இறுகும்வரை கோனை மெல்ல அழுத்தி, உரசாத நடு இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

கேள்வி: பழையதைப் போட்டுவிட்டு 'பி.எம்.பி.ஓ. 12000 வாட்ஸ்' ஹோம் தியேட்டர் வாங்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: அந்த 12000-ஐ நம்பி வாங்காதீர்கள். வருடக்கணக்காக இந்த எண்ணைக் காட்டி மக்களை ஏமாற்றுகிறார்கள். பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம் எட்டும் உச்ச பவர் என்று விளம்பரத்தில் போடுவது; அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. நினைத்த எண்ணை அச்சடிக்கலாம். பெட்டியின் பின்னால் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 1 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில் தொடர்ந்து எடுக்கக்கூடியது சுமார் 230 வாட். 12000 வாட் எங்கிருந்து வரும்? மின்செலவு 60 வாட் என்று போட்டிருந்தால், சாதாரண ஆம்ப் அதில் பாதியைச் சூடாகவே இழந்துவிடும். ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து போவது 30 வாட்டைச் சுற்றித்தான். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய பவர்), அது எத்தனை ஓமில், எவ்வளவு ஒலிச் சிதைவில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள். உங்கள் பழைய பெட்டியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதைச் சரிசெய்வதே லாபம்.

கேள்வி: போர்டு மாற்றியதாக 6500 ரூபாய் வாங்கினார்கள். திறந்து பார்த்தால் அதே பழைய போர்டு. இரண்டு கெப்பாசிட்டர் மட்டும் புதிது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். பில்லையும் போர்டின் படத்தையும் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில்லில் 'போர்டு மாற்றம்' என்று எழுதியிருந்தால் அதுவே உங்களுக்குப் பலமான சாட்சி.