மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

மதிப்பிற்குரிய ஐயா,

டிப்ளமோ மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகன், முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் கற்றால் உடனே வேலை கிடைக்கும் என்று நம்பித் தனியார் மையம் ஒன்றில் பெருந்தொகை கட்டச் சொல்வதாகவும், கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஃப்ரீகேட் மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் மென்பொருளும் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கட்டளைகளைச் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம். வரைந்த ஒவ்வோர் அளவுக்கும் காரணம் சொல்லத் தெரிவதுதான் கடினம். நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவதும் அதுவே.

ஒரு முனையில் 12, மறுமுனையில் 13 மி.மீ. வாயுள்ள 12-13 ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்து, வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியால் அளந்து வரையச் சொல்லுங்கள். (வெர்னியர் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்; அந்தச் செலவு வீண்போகாது.) 13 மி.மீ. போல்ட் தலைக்கு வாயையும் மிகச் சரியாக 13 என்றே வரைந்தால் ஸ்பேனர் எளிதில் புகாது. தளர்வு கூடிவிட்டாலோ போல்டின் முனைகள் மழுங்கும். வாய் ஏன் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். வாய் நேராக இருந்தால், அறுகோணத் தலையை மறுபடி பிடிப்பதற்கு 60 டிகிரி திருப்பியாக வேண்டும். இன்ஜினின் இடுக்கில் அவ்வளவு இடம் இருக்காது. சாய்வு இருப்பதால், 30 டிகிரி திருப்பியதும் ஸ்பேனரைப் புரட்டிப் போட்டு மீண்டும் பிடித்துக்கொள்ளலாம்.

திரையில் பக்கங்களைச் செங்குத்தாக வரைந்தாலும் அழகாகவே தெரியும். ஆனால் தரமான ஸ்பேனர்கள், பழுக்கக் காய்ச்சிய எஃகை டை எனப்படும் இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்து அடித்து உருவாக்கப்படுபவை. பக்கங்களுக்குச் சில டிகிரி சரிவு கொடுக்காவிட்டால் அடித்த உருப்படி டையை விட்டுக் கழன்று வராது. உள்மூலைகளைக் கூராக விட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். இப்படி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் பட்டறை ஒன்றில், உரிமையாளரின் அனுமதியோடு, சில நாட்கள் நின்று பார்த்தால் இவை தாமாகப் புரியும். 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் மாதிரி எடுப்பதும் நல்லதே, ஆனால் அது பிடி கைக்கு அடங்குகிறதா என்று பார்க்கத்தான் உதவும். எஃகின் வலிமையைக் காட்டாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்வம் நிலைத்தால், ஹைதராபாத்தில் உள்ள மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனத்தையோ, ஜலந்தரில் உள்ள மத்திய கைக்கருவி நிறுவனத்தையோ விசாரியுங்கள். இரண்டும் மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. டிப்ளமோ முடித்தவருக்கு இவ்வாண்டு என்னென்ன பயிற்சிகள் உண்டு, கட்டணம் எவ்வளவு என்பதை அவர்களிடமே நேரடியாகக் கேட்டறிந்து, அதன்பின் தனியார் மையத்துக்குப் பதில் சொல்லுங்கள்.