கடற்கரையில் மணமேடை எந்தத் திசை பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கும் என் வருங்காலக் கணவருக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம் நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு ரிசார்ட்டில், அஸ்தமன சூரியன் பின்னணியில் இருக்க, மணலிலேயே தாலி கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் வீட்டில் மண்டபம்தான் வேண்டும் என்கிறார்கள். கார்த்திகையிலும் தை மாதத்திலும் முகூர்த்த நாட்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஏறக்குறைய 300 பேர் வருவார்கள். என் பாட்டி சக்கர நாற்காலியில்தான் வருவார். இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் வருங்காலக் கணவரிடம் ஒரு செய்தியை மெதுவாகச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சூரியன் கடலில் மறைவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்புக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் மறைகிறது. அஸ்தமனம் கட்டாயம் வேண்டுமென்றால் அரபிக்கடல் பக்கம், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கோ கேரளத்துக்கோ போக வேண்டும். ஆனால் நம்முடைய முகூர்த்தங்களில் பெரும்பாலானவை காலையில்தான் வருகின்றன என்பதால், சூரியன் கடலிலிருந்து எழும் கரை உங்களுக்கு இன்னும் பொருத்தமானது. தை மாதத்தில் சென்னைப் பக்கம் சூரிய உதயம் ஏறக்குறைய காலை 6.30 மணி. ஆறு மணி முதல் ஏழரை வரையிலான முகூர்த்தம் கிடைத்தால் தாலி கட்டும் வேளையில் வெயில் இளம்பொன்னாக இருக்கும். அதிகாலை நாலரை மணி முகூர்த்தம் என்றால், மன்னிக்கவும், இருட்டில் அலைச் சத்தம் மட்டும்தான் கிடைக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வதே வழக்கம். அப்படி அமர்ந்தால் கடல் அவர்களுக்கு எதிரில் இருக்கும். அவர்களைப் பார்த்து உட்காரும் விருந்தினருக்கோ கடல் முதுகுப் பக்கம் போய்விடும். விளம்பரப் படங்களில் காண்பது போல மேடைக்குப் பின்னால் அலை தெரிய வேண்டுமானால் மணமக்கள் மேற்கு பார்த்து அமர வேண்டும். அப்போது உதயசூரியன் அவர்களுடைய முதுகில் இருக்கும், முகம் நிழலில் விழும். கிழக்கு பார்த்து அமர்ந்தால் காலை வெயில் முகத்தில் விழுவதால் புகைப்படம் நன்றாக வரும், கண்தான் கொஞ்சம் கூசும். என் யோசனை, விருந்தினரை மேடைக்கு வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு அணியாக உட்கார வைப்பது. கடலும் மேடையும் இருவருக்கும் தெரியும். எந்த ரிசார்ட்டுக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதை உங்கள் புரோகிதரிடம் பேசி முடிவு செய்துகொண்டு, அதற்கு இடம் கொடுக்கும் புல்வெளி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. தை மாதத்தையே தேர்ந்தெடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகிலும் கரை ஏறின. 2023இல் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திரத்தில்தான் என்றாலும், டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை அது மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள், இந்த ஐந்து நாட்களும் கார்த்திகை மாதத்தில் வருகின்றன. புயலே வராத ஆண்டிலும் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். கார்த்திகையில்தான் வைத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், கூரையுள்ள பெரிய கூடம் அதே வளாகத்தில் அதே நாளுக்கு உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். புயல் எச்சரிக்கையால் தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

இடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகாதீர்கள். முகூர்த்தம் எந்த மணிக்கோ அந்த மணிக்கே, விடியற்காலையில், போய் நில்லுங்கள். அப்போதுதான் மீனவர்களின் ஃபைபர் படகுகள் கரைக்கு வரும், வலை உதறப்படும், மீன் கைமாறும். குப்பத்தை ஒட்டிய கரையில் அது அவர்களுடைய வேலை நேரம். நாதஸ்வரக் கோஷ்டியுடன் போய் நடுவில் பந்தல் போடுவது முறையல்ல. ரிசார்ட்டின் வேலிக்கு வெளியே உள்ள மணலைத் தனியார் கடற்கரை என்று விற்பனைப் பிரிவினர் சொல்லக்கூடும்; ஆனால் அந்த மணல் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையாகிய உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளுக்கும் உட்பட்டது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி என்பதும் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே மணலில் பந்தல் போட யாரிடம் என்ன அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் போயிருந்த ஒரு கடலோரத் திருமணத்தில் மேடை மணலிலும் பந்தி திறந்த வெளியிலும் வைத்திருந்தார்கள். ஹோம குண்டத்துப் புகை முழுவதும் பெண் வீட்டார் மேல் போயிற்று. குத்துவிளக்கை ஏற்றிய ஒவ்வொரு முறையும் அது அணைந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு அத்தை அபசகுனம் என்று முணுமுணுத்தார். விடியற்காலையில் அடங்கியிருந்த காற்று பகல் ஏற ஏற வலுத்து, முதல் பந்தியிலேயே இலைகள் எழுந்து பறந்தன. பாயசத்தில் மணல் நறநறத்தது. அன்றிலிருந்து என் கருத்து மாறவில்லை. தாலி கட்டுவது மூன்று பக்கம் திறந்த, தரை கெட்டியான, கூரையுள்ள இடத்தில், கடல் தெரியும்படி நடக்கட்டும். பந்தி நான்கு சுவருக்குள் இருக்கட்டும். படம் எடுக்கவும் மாலை நேரத்துச் சின்னக் கூடலுக்கும் மணலுக்குப் போங்கள். உங்கள் பாட்டியின் சக்கர நாற்காலியை இரண்டு பேர் தூக்காமல் மணலில் ஓரடிகூட நகர்த்த முடியாது. தம் பேத்தியின் திருமணத்தில் தம்மைச் சுமையாகத் தூக்குகிறார்கள் என்று அவர் நினைக்கும்படி செய்ய வேண்டாமே. அறையிலிருந்து மேடை வரை சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறை வாசலில் படி இருக்கிறதா என்பதை நீங்களே நடந்து பாருங்கள்.

தை, மாசி மாதங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்ற கடல் ஆமைகள் இந்தக் கரையில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. கரையில் பளீரென்று விளக்கு எரிந்தால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம், அதாவது கடலை விட்டு நிலத்தை நோக்கி, நகர்ந்து செத்துப்போகும். ஆகவே முதல் நாள் மாலை வரவேற்பு இருந்தால் கடல் பக்கம் ஒளி பாய்ச்சும் விளக்குகள் வேண்டாம் என்று அலங்காரம் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் தடை இருப்பதால், டி.ஜே. வேண்டுமென்பவர்களுக்கும் அந்த நேரத்தைச் சொல்லி வைப்பது நல்லது.

செலவில் பெரும்பகுதி நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. வாடகையும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் முதலிலேயே தெரிந்துவிடும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு 300 பேரையும் அங்கே கொண்டுவருவதுதான் செலவு. நெருங்கிய உறவினருக்கு முதல் நாள் இரவே அறை வேண்டும், மற்றவர்களுக்குத் தாம்பரத்திலிருந்தும் கோயம்பேட்டிலிருந்தும் பேருந்து வேண்டும், ஓட்டுநர்களுக்குச் சாப்பாடும் படுக்கவும் இடம் வேண்டும். வெளிச் சமையல்காரரை அனுமதிப்பார்களா, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பவற்றையும் கேளுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு 300ஐ 120 ஆக்கி, மற்றவர்களுக்குக் குரோம்பேட்டையிலேயே ஒரு வரவேற்பு வைத்தால் உங்கள் வீட்டாரின் மண்டப ஆசையும் நிறைவேறும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன்.

கேள்வி: என் மகள் கடற்கரையில் திருமணம் வேண்டும் என்கிறாள். அஸ்தி கரைக்கும், தர்ப்பணம் கொடுக்கும் இடத்தில் மங்கல காரியம் கூடாது என்று என் அண்ணன் தடுக்கிறார். அது ஒருபுறம் இருக்க, மண்டபமோ கோயிலோ இல்லாத இடத்தில் நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லுமா?
– ஒரு தந்தை, விழுப்புரம்

பதில்: செல்லும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சடங்கைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அது நடக்கும் இடத்துக்கு நிபந்தனை விதிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 7-ஏ பிரிவின்படி, புரோகிதர் இல்லாமல், உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் திருமணமும் செல்லுபடியாகும். எந்த வகையானாலும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அழைப்பிதழில் “கடற்கரை” என்று அழகாக மட்டும் அச்சடிக்காமல், ஊர்ப் பெயரும் முழு முகவரியும் போடுங்கள். பதிவு அலுவலகத்தில் நடந்த இடத்தைக் கேட்கும்போது உதவும்.

உங்கள் அண்ணனிடம் வாதாட வேண்டாம், அவரைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போங்கள். கோவளத்தைத் தாண்டி, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகிய நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. நாள்தோறும் ஒரு பெண்ணாக 360 கன்னியரைப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது தல புராணம். திருமணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கி வேண்டிக்கொள்ளும் ஊர் அது. திருச்செந்தூரிலும் கடற்கரை மணலில் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் முருகனுக்குத் திருக்கல்யாணம் நடக்கிறது. சங்க மரபில் நெய்தல் நிலத்துக்கு இரங்கல் என்று வகுத்து வைத்தவர்களை வேண்டுமானால் உங்கள் அண்ணன் துணைக்குக் கூப்பிடலாம். ஆனால் அது தலைவன் வராமல் தலைவி ஏங்குவதைச் சொல்வது. உங்கள் மாப்பிள்ளை குறித்த நேரத்துக்கு வந்துவிட்டால் அந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: நாங்கள் இருவரும் கத்தோலிக்கர்கள். முட்டம் கடற்கரையில் சூரியன் மறையும் நேரத்தில் எங்கள் திருமணத்தை வைத்துக்கொள்ள முடியுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: திசையில் உங்களுக்குக் குறை இல்லை, முட்டத்தில் சூரியன் கடலில்தான் இறங்குகிறது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி இரு கத்தோலிக்கரின் திருமணம் பங்கு ஆலயத்தில் நடப்பதே முறை. வேறு பொருத்தமான இடத்தில் நடத்த ஆயரின் அனுமதி வேண்டும். அழகான இடம் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் அது கிடைக்கும் என்று எதிர்பார்த்து அழைப்பிதழ் அச்சடித்துவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தையே திருமணத்துக்கு வகுத்திருப்பதையும் நினைவில் வையுங்கள். ஆலயத்தில் மூன்றரை மணிக்குத் திருப்பலியை முடித்துக்கொண்டு, ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போய் கேக் வெட்டுங்கள். தவக்காலத்தை விட்டு நாள் குறிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும் வேண்டாம், தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரையில் அலை மிகக் கடுமையாக இருக்கும்.

கேள்வி: கடற்கரையில் முகூர்த்தப் பட்டு கெட்டுவிடாதா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: பட்டு நெய்யும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது! உலர்ந்த மணலால் கேடில்லை, உதறினால் போய்விடும். உப்புநீர் பட்டால் கறை நிற்கும், ஜரிகையும் கறுக்கும். முகூர்த்தப் புடவையோடு அலையில் கால் நனைக்கச் சொல்லும் புகைப்படக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்கென்று ஒரு பருத்திப் புடவையைத் தனியாக எடுத்துவையுங்கள்.